எத்திராஜு வீட்டுப் பனி

அன்று எத்திராஜு வீட்டு வேலிக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் சுபேதார் நாகபூஷணம்; மலைப்பாதையில் லாரி ஓட்டிய சம்பந்தம்; பீரங்கிச் சத்தத்தில் வலது காதை விட்டுவிட்டு வந்த வேணு; சமையல்காரர் பொன்னுரங்கம்; தந்திக்கம்பி இழுத்த ஆசீர்வாதம்; கோவேறு கழுதைகளை மேய்த்த தணிகாசலம்; ரேஷன் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நான். இது ஏழு. வாசலை ஒட்டிக் கயிற்றுக் கட்டிலில் எத்திராஜு, அவன் தலைமாட்டில் அவன் மனைவி கன்னியம்மா, விசாரிக்க வந்த பட்டாள டாக்டர் மேஜர். ஆகப் பத்துப் பேர். ஜீப் ஓட்டிவந்தவன் வேலிக்கு வெளியே புளியமர நிழலிலேயே நின்றுவிட்டான், அவனைச் சேர்க்கவில்லை. மற்ற ஐந்து பேரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தும்பைக்குப்பத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவது வழக்கம், அதனால் எங்கள் ஊரில் தேர் இழுத்தாலும் கால் மாறாமல் இழுப்பார்கள், பந்தியில் உட்கார்ந்தாலும் முழங்கைக்கு முழங்கை இடைவெளி விட்டு உட்காருவார்கள். எத்திராஜு மட்டும் பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடியாமல் ஒன்பதாவது வருஷத்திலேயே திரும்பி வந்தவன். வடக்கே பனிமலையில் ஒரு காவல் சாவடியில் ஆறு பேராக இருந்தபோது அவனுக்கு வயிற்று வலி கண்டது, வலி தாங்காமல் சுருண்டவனைச் சுமைகாரன் ஒருவனோடு கீழே அனுப்பினார்கள், மறுநாள் மலை சரிந்து மேலே இருந்த ஐந்து பேரும் பனிக்குள் போனார்கள், அவர்களோடு சாவடியின் மருந்துப் பெட்டியும் வலியைக் குறித்து வைத்த காகிதமும் போயின. ஊருக்கு வந்த பிறகும் அந்த வலி அவனை விடவில்லை. போன தை மாதம் வயிறு கல்லாகி, பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது, குடலுக்குப் போகும் ரத்தம் உறைந்து குடல் கறுத்துக் கிடந்தது. நாலரை அடி வெட்டி எடுத்தார்கள். மிச்சக் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு பை மாட்டி அனுப்பினார்கள். ஆடிக்குள் இன்னோர் ஆப்பரேஷன் செய்து முனையை உள்ளே சேர்க்க வேண்டும், தவறினால் இருக்கிற குடலும் கறுத்துவிடும் என்றார்கள். அதைச் செய்யக்கூடிய இடம் பட்டாள ஆஸ்பத்திரி. பென்ஷன் இல்லாதவனை அங்கே சேர்க்க வேண்டுமானால், இந்த ஊனம் பட்டாள வேலையால் வந்தது என்று மெடிக்கல் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, அக்கினி நட்சத்திரத்தின் உச்சியில், கோழிகள் இறக்கையை விரித்து வாய் திறந்து கிடந்த பகல் பொழுதில், அவன் வீட்டு வாசலில் பனி விழுந்தது. மார்கழியில் புல்லில் இறங்குகிற பனி இல்லை, மலையில் விழுகிற வெள்ளைப் பனி. வேலிக்கு உள்ளே மட்டும் விழுந்தது, வேலிக்கு வெளியே ஒரு பொட்டுகூட இல்லை, வேலி ஓரத்துக் கருவேலமரத்தில் உள்பக்கக் கிளைகள் வெளுத்தும் வெளிப்பக்கக் கிளைகள் வறண்டும் நின்றன. அவனுக்கு வலி வரும்போது விழும், வலி அடங்கினால் நிற்கும், விழுந்தது மட்டும் வெயிலில் கரையாமல் அப்படியே கிடக்கும். கன்னியம்மா முதல் நாள் விளக்குமாற்றால் பெருக்கிப் பார்த்தாள், பிறகு நடைபாதைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, பெட்டியில் இருந்த அவன் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு சமையலுக்குப் போனாள்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண்கள் மீந்த இட்லி மாவைத் தூக்கில் ஊற்றி வந்து அந்தப் பனியில் புதைத்தார்கள், புளிக்காமல் இருந்தது. பூக்காரி கட்டிய மல்லியை அங்கேதான் வைத்தாள். மீன்காரன் ஏரி மீனை வைக்கக் கேட்டான், நாற்றம் வரும் என்று கன்னியம்மா மறுத்துவிட்டாள். கீழத்தெருவில் முனியம்மாள் இறந்தபோது, எல்லையில் இருக்கிற மகன் ரயில் ஏறி வந்து சேரும்வரை அவளை எத்திராஜு வீட்டு வாசலில் கிடத்தி வைத்தோம், குளிர்ப்பெட்டி வாடகைக்கு எடுக்கவில்லை, மகன் வந்து பார்த்தபோது அம்மா இப்போதுதான் கண்ணை மூடியது போல இருக்கிறாள் என்று அழுதான். பிறகு ஒரு பழக்கம் வந்தது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. வெயில் ஏறுகிற காலைகளில் மோர்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, “எத்திராஜு, இன்னிக்கி வலி எப்படிப்பா கீது?” என்று கேட்பார்கள். நல்லா இருக்கேன் என்று அவன் சொன்னால் முகம் தொங்கிவிடும்.

சம்பந்தம் மட்டும் நேராகவே சொன்னான்: “டேய் மச்சான், உன் வயித்துல ஊரே ஃபிரிட்ஜ் வெச்சிகினு கீது. கரண்டு பில்லு வந்தா உன் பேர்லதான் வரும்.” எத்திராஜு சிரித்தான், சிரித்ததில் தையல் இழுத்தது, தையல் இழுத்ததில் நாலு பொட்டுப் பனி விழுந்தது.

கன்னியம்மா ஆப்பரேஷன் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படத்தையும் வெட்டிய குடலைச் சோதித்த தாளையும் எடுத்துக்கொண்டு போர்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அங்கே இருந்த கிளார்க் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “குடல் கறுத்தது சரிம்மா. அது மலைமேலயே ஆரம்பிச்சிதுன்னு யாரு பார்த்தா? கூட இருந்தவங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டா போதும்.” கூட இருந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

நாகபூஷணம்தான், “வாசல்ல கொட்டிக் கெடக்குது சாட்சி, அதை எடுத்துகினு போம்மா” என்றார். தூக்குச்சட்டியில் பனியை அமுக்கி, ஈரச்சாக்கு சுற்றி, அவள் பஸ்சில் எடுத்துப் போனாள். போர்டு ஆபீசில் திறந்தபோது தண்ணீராக இருந்தது. “தண்ணியாம்மா? நாங்க கேன் போட்டுக்கிறோம்” என்றார் கிளார்க். போட்டோ எடுத்து அனுப்பினோம், கோலமாவு கொட்டிவிட்டதா என்று கேட்டார்கள். கடைசியில் சங்கத்தின் பேரில், நோயாளி நடக்கமுடியாத நிலையில் இருப்பதால் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதிப்போட்டோம். வருகிறோம் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த மறுநாள் காலையில்தான் பனியில் கால்தடம் இருந்தது. வேலியின் வடக்கு மூலையில், ஆள் நுழையமுடியாத முள்ளடைப்பிலிருந்து தொடங்கி, ஒருவர் பின் ஒருவராக ஐந்து ஜோடி பூட்ஸ் தடம் வீட்டைப் பார்த்து வந்து பாதியில் நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. ஊரில் யாரும் அலறவில்லை. நாகபூஷணம் குந்தி உட்கார்ந்து, பனி பூட்ஸின் அடிப்பல் பதிந்ததை விரலால் தடவிப் பார்த்து, இது நம்ம பட்டாள சப்ளைதான் என்று எழுந்தார். மறுநாள் தடம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அதற்கு மறுநாள் மாட்டுக்கொட்டகையைத் தாண்டியிருந்தது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடியது, பெண்கள் மாவுத்தூக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் போனார்கள், வலி எப்படி என்று கேட்க வேலியோரம் யாரும் வரவில்லை.

“தடத்துல ஒருத்தன் இடது காலை இழுத்து நடக்கிறானே, யாருடா அவன்?” என்று நாகபூஷணம் கட்டிலருகே வந்து கேட்டார்.

“பாப்பச்சன் ஹவில்தார். எங்க சாவடிக்குப் பெரியவரு. என்னைக் கீழ அனுப்பினதும் அவர்தான்.”

“நல்லதாப் போச்சி. உன் வலியைக் கண்ணால பார்த்தவரு, அவரே வந்துகினு கீறாரு. இதைவிட இன்னா சாட்சி வேணும்?”

எத்திராஜு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சாட்சி சொல்லவா வராங்க? சாவடியில ஆறு பேரு சாப். தினமும் சாயங்காலம் ரோல்கால் எடுக்கிறப்ப அவருக்கு ஒரு ஆள் குறையுது.”

அடுப்படியிலிருந்து கன்னியம்மா குரல் வந்தது: “குறையட்டும். குறைஞ்சதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மொதல்ல சாட்சி சொல்லிட்டுப் போகட்டும்.”

அதிகாரி வருகிற நாள் வந்தது. அவருக்கு வழி தெரியாது என்பதால் அழைத்துவரக் கன்னியம்மா விடிந்ததும் புறப்பட்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். அதிகாரி கேட்கிற கேள்விக்கு எத்திராஜு தெளிவாகப் பதில் சொல்ல வேண்டுமென்று வலிக்கு ஊசி போடவைத்துவிட்டுப் போயிருந்தாள், அவன் நன்றாகத் தூங்கினான். நாங்கள் ஏழு பேரும் சலவைச் சட்டை போட்டு, மெடல் இருந்தவர்கள் மெடல் குத்தி, ஷூவில் முகம் தெரியப் பாலிஷ் போட்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். நாகபூஷணம் வாசலை ஒரு பார்வை பார்த்தார். பனியும் சேறுமாக, கோழி கிளறியும் மாவு சிந்தியும் கிடந்தது.

“மேஜர் சாப் வர எடமா இது?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பொன்னுரங்கம் மண்வெட்டி எடுத்தார், தணிகாசலம் மாட்டுவண்டியைக் கொண்டுவந்தார், சம்பந்தமும் வேணுவும் கூடை தூக்கினார்கள், ஆசீர்வாதம் சுண்ணாம்பு கரைத்தார், நான் கூடையை எண்ணினேன். பதினெட்டு வயதில் கற்றது இது. அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் தரையில் சருகு இருக்கக் கூடாது, பாதையின் இருபக்கமும் கல் நட்டு வெள்ளை அடித்து நுனியில் காவி பூச வேண்டும், வாளியைக்கூட வரிசையில் நிறுத்த வேண்டும். ஏன் என்று அன்றும் நாங்கள் கேட்டதில்லை, இன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து பேரின் தடத்தோடு அந்தப் பனி முழுவதையும் அள்ளி ஏரியில் கொட்டினோம், ஏரி ஒரு சத்தமும் போடாமல் வாங்கிக்கொண்டது. வாசலில் சாணம் தெளித்து, கல் நட்டு, வெள்ளையும் காவியும் அடித்து முடித்தபோது ஜீப் சத்தம் கேட்டது. இத்தனை சுத்தமாக ஒரு வாசலை நாங்கள் வேலையில் இருந்தபோதுகூட வைத்ததில்லை.

மேஜர் இறங்கினார். இளைஞர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார்.

“பனி எங்கே?”

நாகபூஷணம் விறைத்து சல்யூட் அடித்தார். “சுத்தம் பண்ணிட்டோம் சார்!”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எங்களுக்கும் அப்போதுதான். வேணு, கேட்காத காதில் விழுந்ததுபோல, “அய்யய்யோ” என்றார்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கிய கன்னியம்மா, கழுவிவிட்ட வாசலையும் வெள்ளையடித்த கற்களையும் எங்கள் மெடல்களையும் பார்த்தாள். “மாமா,” என்றாள், சத்தமே இல்லாமல். “அது என் புருஷனோட வயிறு மாமா. அள்ளி ஏரியில கொட்டிட்டீங்களா?”

சம்பந்தம், “கொஞ்சம் வெயிட் பண்ணீங்கன்னா வலி வந்துரும் சார், உடனே விழும்” என்றான். மேஜர் அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எத்திராஜுவின் சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்து, பையைப் பார்த்து, தழும்பை விரலால் அளந்து, கன்னியம்மாவின் தாள்களையெல்லாம் படித்தார். நல்ல மனிதர், அவசரப்படவில்லை. “நோயைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை அம்மா. மலையில்தான் ஆரம்பித்தது என்று சொல்ல ஆள் இல்லை. நான் எதை எழுதுவது?” என்று பேனாவை மூடினார்.

அதிகாரி புறப்படும் முன் வரிசையில் நின்று விடைகொடுப்பது முறை. நாகபூஷணம் குரல் கொடுத்தார், நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றோம், நான் இடதுகோடியில் கடைசி. அவர் எங்களுக்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, மேஜரைப் பார்த்து நின்றார். வரிசையில் நிற்கிறவன் நேராகத்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் பாம்பு ஊர்ந்தாலும் தலை திரும்பக் கூடாது.

“ஆறு பேர் ஹாஜர் சார்!”

மேஜர் எங்களைப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். “ஆறா? பதினொரு பேர் நிற்கிறார்கள். அடுத்த முறை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் சுபேதார் சாப்.”

என் இடது தோள் சில்லிட்டது. அக்குளில் வழிந்த வேர்வை அப்படியே நின்றது. பக்கத்தில் ஈரக்கம்பளி வாடையும் மண்ணெண்ணெய் அடுப்பின் புகை வாடையும் வந்தன. நான் நேராகப் பார்த்தேன். மேஜர் வரிசையில் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்து, எனக்குக் கைகொடுத்து, என்னைத் தாண்டிப் போனார்.

“நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?” என்று அவர் கேட்பது கேட்டது.

“எத்திராஜுவின்டெ கூட சார், அதே சாவடி. நாலு நாள் வயிற்றைப் பிடிச்சிட்டுக் கிடந்தான், பச்சைத் தண்ணிகூட நிக்கலை. நானாணு கீழே அனுப்பியது.” மலையாளக் கரை தட்டிய தமிழ், தூரத்தில் பேசுவதுபோல மெல்லியது. அவருக்கு அப்புறம் இருந்தவரும் அதையே தெலுங்கு கலந்து சொன்னார். ஐந்து பேரும் சொன்னார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள், நடுவில் பேனாவில் மை உறைந்துவிட்டதால் மேஜர் அதை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக் கொடுத்தார். “உங்கள் கையெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டார்.

திரும்பி வந்து கன்னியம்மாவிடம் சொன்னார்: “முதலிலேயே இவர்களைக் கூட்டிவந்திருக்கக் கூடாதா அம்மா? இரண்டு சாட்சி போதும், ஐந்து இருக்கிறது. பனி, போட்டோ என்றெல்லாம் எதற்கு எழுதினீர்கள்? இன்றைக்கே எழுதி அனுப்பிவிடுகிறேன். ஆடிக்கு முன்னாலேயே ஆப்பரேஷன் நடந்துவிடும்.” ஜீப்பில் ஏறியவர் நாகபூஷணத்திடம், “வயதானவர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள், கலைத்துவிடுங்கள்” என்றார். ஜீப் போயிற்று. புழுதி அடங்கும்வரை நாங்கள் அசையவில்லை.

கலைக்கிற உத்தரவு கொடுக்க நாகபூஷணம் எங்களைப் பார்த்துத் திரும்பினார். திரும்பியவர் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார். அவர் எதைப் பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, பார்த்த முகத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். முப்பது வருஷம் என் அடுத்த வீட்டில் இருந்த முகம், அது ஒவ்வொரு ஆளாக என் இடப்பக்கம் நகர்ந்துபோய், ஐந்தாவது ஆளில் நின்றது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ரோல்கால் தொடங்கியது. பேர் சொல்லும் குரலும் ஹாஜர் சொல்லும் குரலும் மாறி மாறி வந்தன. எல்லமந்தா. சங்கரப்பா. குஞ்ஞுராமன். வரதய்யா. பிறகு, “எத்திராஜு.”

எனக்குப் பின்னால் கட்டில் கயிறு முறுகியது. எத்திராஜு எழுந்திருக்கப் பார்க்கிறான் என்று தெரிந்தது. “வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்” என்றாள் கன்னியம்மா. பிறகு அழுத்திப் பொத்திய வாயிலிருந்து வருகிற ஒலி கேட்டது. அவளே சத்தமாகச் சொன்னாள்: “அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். சாட்சி சொன்னீங்க, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும். அவரை விட்டுட்டுப் போங்கண்ணா.”

“எத்திராஜு,” என்றது குரல் மறுபடியும். கோபம் இல்லை, கணக்கு முடியாத சலிப்புதான் இருந்தது. அந்தச் சலிப்பை எந்தக் கிடங்கிலும் கேட்கலாம். ஒரு பேருக்குப் பதில் வராமல் ரோல்கால் முடியாது, முடியாமல் அவர்கள் போக மாட்டார்கள். சாணம் தெளித்த வாசலில் என் ஷூவின் நுனியைச் சுற்றி வெண்மை படர்ந்தது, அது பின்பக்கம், கட்டிலைப் பார்த்து நகர்ந்தது.

“எத்திராஜு,” என்றது மூன்றாம் முறை.

நாகபூஷணம் வாழ்நாளில் பொய்க்கணக்குச் சொன்னவரில்லை. மேஜரிடம் ஆறு என்றதுகூட அவர் வரையில் உண்மைதான். அவர் தொப்பியைச் சரிசெய்தார். கன்னியம்மா இருந்த பக்கம் ஒரே ஒரு தரம் பார்த்தார்.

“ஹாஜர் சாப்!” என்றார்.

ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். குதிகால் திருப்பி, கைவீச்சு பிசகாமல் நடந்து வந்தார், என் முகத்துக்கு நேராகக் கடந்தார், என் இடப்பக்கம் போய் நின்றார். அங்கே ஒரு ஆள் வழிவிட்டு நகர்வது கேட்டது. இடது காலை இழுக்கிறவர் உத்தரவு கொடுத்தார். பாலிஷ் போட்ட ஷூ ஒரு ஜோடியும் பனி பூட்ஸ் ஐந்து ஜோடியும் ஒரே தாளத்தில் வடக்கு மூலையைப் பார்த்துப் போயின, முள்ளடைப்பில் ஒரு சுள்ளிகூட முறியவில்லை. நாங்கள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தோம். கலையச் சொல்ல ஆள் இல்லாததால் வெயில் சாயும்வரை அப்படியே நின்றோம், வேணு நின்றபடியே அழுதார்.

கடைசியில் கன்னியம்மாதான் முன்னால் வந்து நின்றாள். கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, “போதும். கலைஞ்சி போங்க” என்றாள்.

தலையைத் திருப்பினோம். கட்டிலில் எத்திராஜு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வடக்கு மூலையைப் பார்த்துக் கிடந்தான், மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் எங்கும் பனி இல்லை. நான் பழக்கத்தில் எண்ணினேன், தப்பாக இருக்கும் என்று இன்னொரு முறையும் எண்ணினேன். வேலிக்குள் மீதி எட்டுப் பேர்.